தண்ணீரில் நிற்கும் செடி வாடுவது ஏன்?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. 95 சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டர் தரைக்கு 950 லிட்டர், ஏறத்தாழ ஒரு டன்! தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்கிற மழையைவிட அதிகமான தண்ணீர் ஒரே நாளில் கொட்டிவிட்டது. தாமிரபரணி கரை புரண்டது. நெல்லைச் சந்திப்புப் பகுதி வெள்ளக்காடாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். உயிர்களும் வீடுகளும் கால்நடைகளும் போயின. வாழையும் நெல்லும் நாள் கணக்கில் நீருக்குள் கிடந்தன.

இவற்றுக்கெல்லாம் அரசுப் பதிவேடுகளில் கணக்கு உண்டு. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு சிறிய இழப்பைப் பற்றி இங்கே பேசப் போகிறோம்.

வெள்ளம் வடிந்து கல்லூரி திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஏரல் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். அவர்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பிச்சிக்கொடி இருந்ததாம். அவளுடைய ஆச்சி வைத்த கொடி. ஆச்சி இப்போது இல்லை. கொடி மட்டும் வாசல் பந்தல் முழுவதும் படர்ந்து பூத்துக்கொண்டிருந்தது. வெள்ளம் முற்றத்தில் மூன்று நாள் நின்றது. வடிந்தபோது கொடி பச்சையாகவே இருந்தது. தப்பித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்கைந்து நாள் கழித்து நல்ல வெயில் அடித்தது. இலைகள் துவண்டு தொங்கின. ஐயோ வாடுகிறதே என்று அம்மா காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பொங்கலுக்குள் கொடி பட்டுவிட்டது. பிடுங்கினால் கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுத்து, கொழகொழவென்று, ஒரே நாற்றம்.

“தண்ணியிலேயே நின்ன கொடி எதுக்கு சார் வாடணும்?” என்று கேட்டாள்.

இது தாவரவியல் ஆசிரியரிடம் போக வேண்டிய கேள்வி என்று நீங்கள் நினைக்கலாம். பாதிக் கேள்வி அப்படித்தான். மறு பாதி இயற்பியல். அந்தப் பாதியில் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், நீங்களே விடை கண்டுவிடலாம்.

வேருக்கும் மூச்சு உண்டு

“தண்ணீர் அதிகமானால் வேர் அழுகிவிடும்” என்று எல்லோரும் சொல்கிறோம். தண்ணீர்தான் வேரை அழுக வைக்கிறதா? உங்களில் பலர் வீட்டில் பழைய கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி மணிப் பிளாண்ட் வைத்திருப்பீர்கள். அதன் வேர் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, அழுகவில்லை. மண்ணே இல்லாமல், உப்புகள் கரைந்த நீரில் தக்காளியும் கீரையும் வளர்க்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்த நீருக்குள் ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே குற்றவாளி தண்ணீர் அல்ல. தண்ணீர் வந்ததும் அங்கிருந்து வெளியேறிவிட்ட வேறொன்றைத்தான் நாம் தேட வேண்டும்.

அந்த வேறொன்று காற்று. இலை பகலில் ஒளிச்சேர்க்கை செய்து பிராணவாயுவை வெளியிடுகிறது என்று படித்திருக்கிறீர்கள். வேர் இருட்டில் இருக்கிறது. அதற்கு ஒளிச்சேர்க்கை இல்லை. இலை அனுப்பும் சர்க்கரையை, நம்மைப் போலவே, பிராணவாயுவோடு சேர்த்து எரித்துத்தான் அது பிழைக்கிறது. அந்தப் பிராணவாயு மண்ணிலிருந்தே வரவேண்டும். நல்ல தோட்டத்து மண்ணின் கன அளவில் சுமார் பாதி வெற்றிடம்தான். மண் துகள்களுக்கு இடையே உள்ள இந்தச் சந்துகளில் கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும். பெருமழையில் சந்துகள் எல்லாவற்றிலும் நீர் நிரம்பிவிடுகிறது. காற்று குமிழிகளாக வெளியேறிவிடுகிறது. காய்ந்த நிலத்தில் முதல் மழை தேங்கும்போது குமிழிகள் வருவதைப் பார்த்திருப்பீர்களே, அது மண்ணின் மூச்சு வெளியேறும் காட்சிதான்.

“நீரிலும் பிராணவாயு கரைந்திருக்கிறதே, மீன் உயிரோடு இருக்கிறதே” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் கரைவது 7.5 மில்லிகிராம். முப்பத்தாறில் ஒரு பங்கு. மீன் இந்தச் சொற்பத்தைக்கூட விடாமல், செவுள் வழியே நீரை ஓயாது ஓடவிட்டு வடித்தெடுக்கிறது. வேருக்குச் செவுளும் இல்லை, நகரும் சக்தியும் இல்லை. பிராணவாயு தானாக அதனிடம் வந்து சேர வேண்டும்.

பத்து சென்டிமீட்டர் பயணம்

எப்படி வந்து சேரும்? விரவல் என்னும் நிகழ்ச்சியால். ஊதுவத்தி ஏற்றினால் மணம் அறை முழுவதும் பரவுகிறதல்லவா? (உண்மையில் அங்கே காற்றோட்டமும் உதவுகிறது.) மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி, முட்டி, திசை மாறி, தள்ளாடித் தள்ளாடி அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுவதுதான் விரவல். தள்ளாடி நடப்பவன் பத்தடி தொலைவைக் கடக்க ஆகும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரத்தில் இருபதடி கடந்துவிட மாட்டான்; நான்கு மடங்கு நேரம் ஆகும். விரவலின் கணக்கும் அதுதான். தொலைவைத் தன்னாலேயே பெருக்கி, விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், சராசரியாக ஆகும் நேரம் கிடைக்கும்.

பிராணவாயுவின் விரவல் எண் காற்றில் வினாடிக்குச் சுமார் 0.2 சதுர சென்டிமீட்டர். நீரில் சுமார் 0.00002. பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ஏன் இவ்வளவு வித்தியாசம்? காற்றில் மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நீரில் நெல்லையப்பர் கோயில் தேரோட்டக் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்கின்றன. அதற்குள் புகுந்து போவது எளிதா?

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேர் மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. காற்றின் வழியாக என்றால் 100ஐ 0.4 ஆல் வகுக்க வேண்டும்: 250 வினாடி, நான்கு நிமிடம். நீரின் வழியாக என்றால் 100ஐ 0.00004 ஆல் வகுக்க வேண்டும்: 25 லட்சம் வினாடி. நாளாக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 29 நாட்கள்! மண்ணில் சந்துகள் வளைந்து நெளிந்து போவதால் இரண்டு நேரங்களும் இன்னும் கூடும். ஆனால் விகிதம் மாறாது. தொகையில் முப்பத்தாறில் ஒன்று, வேகத்தில் பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால், நீர் நிரம்பிய சந்து வழியாக வேருக்கு வரும் பிராணவாயு, காற்று இருந்தால் வந்திருக்கக் கூடியதில் மூன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான். வாசலை அடைத்துச் சுவர் எழுப்பியதற்கும் இதற்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை.

மழை ஓய்ந்தபோது மண்நீரில் கரைந்திருந்த பிராணவாயுவாவது சில நாளைக்கு வராதா? அதையும் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டர் தோட்டத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண். அதில் பாதி நீர் என்றால் 150 லிட்டர். லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வீதம் மொத்தம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். மண்ணில் மூச்சு விடுவது வேர் மட்டுமல்ல. எருவும் சருகும் தின்று வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் உரமுள்ள மண் ஒரு நாளில் சதுர மீட்டருக்குப் பத்துக் கிராம் அளவில் பிராணவாயுவைச் செலவழித்துவிடும். ஆக, கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் காணும். மணிப் பிளாண்ட் புட்டியின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது: அதில் மண் இல்லை, எரு இல்லை, ஆகவே பங்குக்கு வரும் கூட்டமும் இல்லை.

எரு அதிகம் போட்டுச் செல்லமாக வளர்த்த செடியின் மண்ணில் இந்தக் கையிருப்பு இன்னும் விரைவில் தீரும். அதே போல, மழை பெய்துகொண்டிருக்கும்போதைவிட, மழை விட்டு வெயில் அடிக்கும்போதுதான் ஆபத்து அதிகம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் பிராணவாயு கொள்ளும். 30 டிகிரியில் 7.5 தான். அதே பத்து டிகிரி உயர்வுக்கு வேரின் மூச்சு வேகமோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறையும்போது செலவு கூடுகிறது.

மூடிக்கொள்ளும் வாயில்கள்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். மூச்சு முட்டினால் வேர் சாகட்டும். இலை ஏன் தாகத்தால் வாடுவது போல் வாட வேண்டும்?

பிராணவாயு இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. அளவுக்கு ஆற்றல் கிடைக்கும். இல்லாவிட்டால் நொதித்தல் முறையில் 2 மட்டுமே கிடைக்கும். முப்பது ரூபாய் கூலிக்காரன் இரண்டு ரூபாயில் குடும்பம் நடத்துவது போன்ற நிலை. நொதித்தலில் ஆல்கஹால் சேருகிறது. செல்லின் உட்சாறு அமிலத் தன்மை அடைகிறது. இந்த அமிலம்தான் நம் கதையில் முக்கியமான பாத்திரம்.

நீர் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போவதற்குச் செல் சவ்வில் மிக நுண்ணிய புரத வாயில்கள் உண்டு. அக்வாபோரின் என்று பெயர். இவற்றைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 2003இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் வேரில் ஒன்றைக் கண்டறிந்தார்கள். பிராணவாயு இல்லாமல் செல் அமிலமாகும்போது இந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன!

இப்போது புரிகிறதா? வேரைச் சுற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் நிற்கிறது. உள்ளே போகும் வாயில்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. மேலே வெயிலில் இலைகள் நீராவியை இழந்துகொண்டே இருக்கின்றன. வரவில்லாத செலவு. இலை துவள்கிறது. கண்ணுக்குத் தெரிவது தாகம். உண்மையில் நடப்பது மூச்சுத் திணறல். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே என்பதால்தான் நல்ல மனத்தோடு ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் செடியைக் கொன்றுவிடுகிறது. திரும்பி வந்துகொண்டிருந்த கொஞ்சக் காற்றையும் அது மறுபடி விரட்டிவிடுகிறதல்லவா?

எது தாகம், எது திணறல் என்று பிரித்தறிவது கடினமல்ல. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்து இலையும் வாடியிருந்தால் திணறல். முகர்ந்தும் பாருங்கள். நல்ல மண்ணுக்கு முதல் மழை வாசனை. திணறும் மண்ணில் அழுகிய முட்டை வாடை வரும். பிராணவாயு தீர்ந்ததும் மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அதற்குப் பதிலாக முதலில் நைட்ரேட்டையும், பிறகு இரும்பு ஆக்சைடையும், அதன் பிறகு சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. நைட்ரேட் போவதால் இலை மஞ்சளாகிறது. சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நாற்ற வாயு வருகிறது; அது இரும்போடு சேர்ந்து மண்ணையும் வேரையும் கறுப்பாக்குகிறது. அந்தப் பிச்சிக்கொடியின் வேரில் கண்ட கறுப்பும் நாற்றமும் இதுதான்.

நீந்தி வரும் எதிரி

அழுகல் இதற்குப் பிறகே தொடங்குகிறது. பித்தியம், பைட்டோப்தோரா என்ற இரண்டு நுண்ணுயிர் இனங்கள் ஈர மண்ணில் எங்கும் உண்டு. பழைய பாடநூல்கள் இவற்றைப் பூஞ்சணங்களோடு சேர்த்திருக்கும். ஆனால் இவை பூஞ்சணங்களைவிடப் பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவு என்று இன்று தெரிந்திருக்கிறது. இவற்றின் வித்துக்களுக்கு இரண்டு இழைகள் வால் போல் உண்டு, அவற்றால் நீந்தும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் பருமன். மண் சந்துகளில் நீர் நிரம்பியிருந்தால்தான் நீந்த முடியும். காய்ந்த மண்ணில் படகு ஓடாது. மூச்சுத் திணறும் வேரிலிருந்து சர்க்கரையும் ஆல்கஹாலும் கசிகின்றன என்று சொன்னோமே, அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே சில வித்துக்கள் வேரைத் தேடி வந்து சேருகின்றன. தள்ளாடும் ஆளைப் பார்த்துத் திருடன் வருவது போல!

பைட்டோப்தோரா என்ற கிரேக்கச் சொல்லுக்குச் செடிகளை அழிப்பது என்று பொருள். ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி 1876இல் வைத்த பெயர். இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கு விளைச்சலை அழித்தது. அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டார்கள். நம் தாமிரபரணிக் கரையிலும் இதன் உறவினர் உண்டு. ஆத்தூர் வெற்றிலை கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலைக் கொடியை அடித்தண்டில் அழுக வைக்கும் நோய்க்குக் காரணம் ஒரு பைட்டோப்தோராதான். வெற்றிலைக் கொடிக்காலுக்கு எப்போதும் ஈரம் வேண்டும்; தேக்கம் மட்டும் ஆகாது. அதனால்தான் நம் பெரியவர்கள் கொடியை மேட்டுப் பாத்தியில் வைத்து, பாத்திகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால் வெட்டினார்கள். நீர் வாய்க்காலில் நிற்கும். வேர் மேலே ஈரக் காற்றில் இருக்கும். விரவல் எண்ணெல்லாம் தெரியாமலே எத்தனை சரியான ஏற்பாடு பாருங்கள்!

தொட்டியில் ஓட்டை இருந்தால் போதுமா?

“எங்கள் வீட்டில் ரோஜா தொட்டியில்தான் இருக்கிறது, அடியில் ஓட்டையும் இருக்கிறது. எங்களுக்குக் கவலை இல்லை” என்று சிலர் நினைக்கலாம். இங்கே பரப்பு இழுவிசை குறுக்கிடுகிறது. நுண்புழைக் குழாயில் நீர் ஏறும் உயரத்துக்குச் சூத்திரம் படித்திருப்பீர்கள் அல்லது படிக்கப் போகிறீர்கள். நீருக்கு அதை எளிமையாக்கினால், 0.15ஐக் குழாயின் ஆரத்தால் வகுத்தால் உயரம் வரும், இரண்டும் சென்டிமீட்டரில். ஆரம் அரை மில்லிமீட்டர் என்றால் 3 சென்டிமீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 15. இருபதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர்.

மண்ணின் சந்துகளும் நுண்புழைகளே. ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டி நின்ற பிறகும், ஓட்டைக்கு மேலே அந்த உயரம் வரைக்கும் நீர் பிடித்து நிற்கும், கீழே இறங்காது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலைப் போட்டால் அடியில் மட்டும் கொஞ்சம் நிற்கும். கோவில்பட்டிக் கரிசலையோ குளத்து வண்டலையோ அப்படியே அமுக்கி நிரப்பினால் அதன் நுண்ணிய சந்துகள் 25 சென்டிமீட்டர் தொட்டி முழுவதிலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டை இருந்தும் வடியாது! வண்டல் சத்து மிகுந்ததுதான். வயலுக்கு நல்லது, தொட்டிக்கு அதை மணலோடும் மக்கிய எருவோடும் கலந்துதான் போட வேண்டும்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் ஒரு சாண் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ போடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. இதில் பலன் இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு. நுண்ணிய சந்தில் இருக்கும் நீர் பெரிய சந்துக்குள் எளிதில் இறங்காது. ஆகவே நீர் பிடித்து நிற்கும் பகுதி ஜல்லிக்கு மேலே ஆரம்பிக்கும். அதாவது வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். ஓட்டையை மண் அடைக்காமலிருக்க ஒரே ஒரு சில்லு போதும்.

நம்ப முடியவில்லையா? பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்து நீரில் நன்றாக நனையுங்கள். பிழியாமல், தட்டையாகப் படுக்க வைத்து விரல் நுனிகளில் ஏந்துங்கள். சொட்டு நிற்கும் வரை பொறுங்கள். இப்போது அதைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள்: மறுபடி சொட்டும்! நின்றதும் செங்குத்தாக நீள வாக்கில் நிறுத்துங்கள்: இன்னும் சொட்டும். நீரைப் பிடிக்கும் உயரம் மாறவில்லை; ஸ்பாஞ்சின் உயரம்தான் கூடியது. மேலே உள்ள பகுதி வடிந்து அங்கே காற்று புகுந்துவிட்டது. ஆழமான தொட்டி, அகலமான ஆழமற்ற தொட்டியைவிட மழைக்காலத்தில் ஏன் நல்லது என்பதற்கு இதுவே விளக்கம்.

மழை விட்டதும் என்ன செய்யலாம்?

தொட்டிச் செடியானால் அடித்தட்டை உடனே எடுத்துவிடுங்கள். பருத்தித் துணிக் கீற்று ஒன்றை நனைத்து, குச்சியால் ஓட்டை வழியே மண்ணுக்குள் செருகி, மறுமுனை தொட்டிக்குக் கீழே ஒரு முழம் தொங்கும்படி உயரத்தில் வையுங்கள். நீர்த்தம்பத்தின் அடி, ஓட்டையிலிருந்து துணியின் நுனிக்கு இறங்கிவிடுவதால், பிடித்து நின்ற நீர் துணி வழியே இறங்கி வரும். துணி இல்லையென்றால் காய்ந்த மணல் குவியலின்மேல் தொட்டியை அழுத்தி வைத்தாலும் அது உறிஞ்சும்.

தரையில் நிற்கும் செடிக்கு ஓட்டை கிடையாது. தூரிலிருந்து இரண்டடி தள்ளி, வேர் ஆழத்துக்கும் கீழே போகும்படி ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் தாழ்ந்த பக்கம் திருப்பிவிட வேண்டும். ஆற்று வெள்ளம் வந்துபோன இடமானால் இன்னொரு வேலையும் உண்டு. வெள்ளம் நுண்ணிய வண்டலை மண்மேல் பூசிவிட்டுப் போயிருக்கும். காய்ந்தால் அது பாளம் பாளமாக வெடிக்கும். காயும்வரை காற்றுப் போக வழியில்லை. தூரைச் சுற்றி அந்தப் பூச்சை மெல்ல வழித்து எடுத்துவிடுங்கள். ஆழமாகக் கொத்தாதீர்கள், எஞ்சியிருக்கும் வேரும் அறுந்துபோகும். ஈர மண்ணை மிதிக்கவும் கூடாது. மிதித்தால் பெரிய சந்துகள்தான் முதலில் நசுங்கும். காற்று வருவது அவற்றின் வழியாகத்தான்.

உரம் அப்போது வேண்டாம். உண்ண முடியாத நோயாளிக்கு விருந்து வைத்து என்ன பயன்? வெயிலுக்குச் சாக்கோ ஓலையோ கட்டி நிழல் கொடுப்பதும், கொடியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவதும் பலன் தரும். நீராவிப்போக்கு குறைந்தால் எஞ்சிய வேர் சமாளித்துக்கொள்ளும்.

தொட்டியிலிருந்து மெல்லக் கவிழ்த்து வேரையும் பார்த்துவிடலாம். வெள்ளையாக உறுதியாக இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாகி, இரு விரலால் இழுத்தால் தோல் உறையைப் போல் கழன்று நடுவில் நூல் மட்டும் நிற்குமானால் அது போய்விட்டது. அதை வெட்டி எறிந்துவிடுங்கள். பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தால் புது மண்ணில் வைத்துக் காப்பாற்ற முயலலாம். எல்லாமே பழுப்பு என்றால் வேரை நம்பிப் பயனில்லை. மேலே நோக்க வேண்டும். அழுகல் கீழிருந்து ஏறுகிறது. நுனிக் கிளைகள் இன்னும் சில நாள் நலமாகவே இருக்கும். பிச்சி, மல்லி, செம்பருத்தி, ரோஜா எல்லாம் குச்சியில் வேர் விடுபவை. பென்சில் பருமனுள்ள, வெட்டினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகத் தெரிகிற குச்சிகளாக நாலைந்து நறுக்கி, ஈரமான ஆற்று மணலில் நட்டு நிழலில் வையுங்கள். அந்தக் குச்சியில் வளரும் செடி அதே செடிதான். விதையில் வருவது போல் வேறொன்று அல்ல. ஏரல் மாணவியின் வீட்டில், இலை தொங்கிய அந்த முதல் நாளில் பந்தல் மேலிருந்து பத்துக் குச்சிகள் வெட்டியிருந்தால் ஆச்சியின் கொடியே அவர்கள் முற்றத்தில் இன்று பூத்திருக்கக்கூடும். இதை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, ஆச்சி வெட்டிக்கொடுத்த பதியன் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெல் மட்டும் எப்படி நிற்கிறது?

இத்தனையும் படித்தபின் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றுப் பாசனத்தில் நெற்பயிர் மாதக்கணக்கில் சேற்றுநீரில் நிற்கிறதே, அது ஏன் திணறவில்லை? நெல்லின் தண்டையும் வேரையும் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். காற்றறைகள் தெரியும். தாமரைத் தண்டில் இவை கண்ணுக்கே தெரியும் துளைகள். இலை வழியே நுழையும் காற்று இந்தக் குழாய்களில் வேர் நுனிவரை விரவுகிறது. காற்று வழிப் பயணம், அதாவது பத்து சென்டிமீட்டருக்கு நான்கு நிமிடக் கணக்கு! வயலில் பிடுங்கிய நெல் வேரில் துருப்பிடித்தது போல் செம்பழுப்புப் பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசிந்த பிராணவாயு சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கிய அடையாளம் அது.

தலை மூழ்கிவிட்டால் நெல்லும் சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய நெல் இனமோ இரண்டு வாரம் வரை தாங்கியது. அதற்குக் காரணமான சப்1ஏ என்ற ஜீனை 2006இல் அடையாளம் கண்டார்கள். அது பயிரை மேலே வளரவிடாமல் அடக்கி, சர்க்கரையைச் சேமித்து, மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வைக்கிறது. அந்தப் பண்பைச் சேர்த்து உருவாக்கிய ஸ்வர்ணா-சப்1 ரகம் 2009இல் இந்திய உழவர்களுக்கு வந்தது, தமிழ்நாட்டுக்குச் சி.ஆர்.1009 சப்1 வந்திருக்கிறது.

பயிருக்குப் பயிர் உள்ள வேறுபாட்டை நீங்களே பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். கரைந்த வாயுக்கள் வெளியேறிவிடும். மூடி வைத்து ஆறவிடுங்கள். இரண்டு சிறு பிளாஸ்டிக் புட்டிகளை எடுத்து, ஒன்றில் பத்துப் பாசிப்பயறும் மற்றதில் பத்து விதைநெல்லும் போடுங்கள். ஆறிய நீரைச் சலசலப்பில்லாமல் விளிம்புவரை ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் இறுக மூடுங்கள். (மேலே எண்ணெய் ஊற்றினால் போதாதா என்று கேட்காதீர்கள். பிராணவாயு எண்ணெயிலும் கரையும்.) ஒப்பிடுவதற்கு அதே இரண்டு விதைகளை ஈரத்துணியிலும் கட்டி வையுங்கள். தினம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். துணியில் இரண்டும் முளைவிடும். புட்டியில் பயறு ஊதி, சில நாளில் நீர் கலங்கி நாறத் தொடங்கும். நெல்லிலோ ஒரு வெள்ளை முளை மெல்ல மேலே நீண்டு வரும். வேர் மட்டும் வராது. காற்றைத் தேடி அது முதலில் குழாயை நீட்டுகிறது. ஆறேழு நாள் கழித்து அந்த நெல்லை எடுத்து ஈரத்துணியில் பரப்பித் திறந்து வைத்துவிட்டு, எத்தனை நாளில் வேர் வருகிறது என்று பாருங்கள்.